பாண்டிச்சேரியிலிருந்து பேசியவர்

"ஆள் பிடிபட்டான். திண்டிவனம் முகாமில் வைத்திருக்கிறோம்."

இந்த இரண்டு வரிக்காக சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர் சக்கரபாணி மூன்று மாதத் தூக்கத்தைத் தொலைத்திருந்தார். போலிக் காசநோய் ஊசி மருந்து. சீசா அசல், லேபிள் அசல், ரப்பர் மூடிகூட அசல். உள்ளே இருந்தது மட்டும் வெறும் மாவு. தென்னாற்காட்டில் எங்கேயோ தயாராகி, கடை கடையாக ஏறி, பட்டணம் வரை வந்துகொண்டிருந்தது. கொண்டுவருகிறவன் யார் என்றுதான் தெரியவில்லை.

1962 மார்ச் முதல் தேதி, வியாழக்கிழமை. பட்டணத்திலிருந்து புறப்பட்ட ஜீப் திண்டிவனம் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. பின்சீட்டில் ஏட்டு பெரியதம்பி வழியெல்லாம் அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டே வந்தார்.

"ஐயா, எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க."

"வயிறா?"

"இல்லீங்க. நம்ப சர்வீசுல இவ்ளோ சுளுவா ஒருத்தன் மாட்டுனதே இல்ல. அதான் பயமா இருக்குது."

 சக்கரபாணிக்கும் உள்ளுக்குள் அதே அரிப்பு இருந்தது.

தேர்தல் பந்தோபஸ்துக்காக ஊருக்கு வெளியே ஒரு பழைய நெல் கிடங்கில் முகாம் போட்டிருந்தார்கள். தேர்தல் முடிந்தும் முகாம் கலையவில்லை. முன்னறையில் மேஜை, மேஜைமேல் வயர்லெஸ் செட். உள்ளறைக்குப் பூட்டுப் போட்டு அதையே லாக்கப் ஆக்கியிருந்தார்கள். முகாமின் ரைட்டர் முருகையன் சல்யூட் அடித்த கையோடு பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"காலைல ஏழே முக்காலுக்கு விழுப்புரம் வயர்லெஸ் கூடாரத்துலேந்து தகவல் வந்துச்சுங்க. எட்டரைக்கு பஸ்ஸ நிறுத்தினோம். ஆள அமுக்கிட்டோம்."

சக்கரபாணி படித்தார்.

'பாண்டிச்சேரி போலீஸ் தகவல். விழுப்புரத்திலிருந்து ஏழரை மணி பட்டணம் பஸ்ஸில் ஒருவன் வருகிறான். வயது முப்பது. பச்சைக்கோடு போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில் தோல்பை. மருந்துக் கிடங்கை உடைத்த கேஸில் தேவைப்படுகிறான். தான் மருந்து இலாகா அதிகாரி என்று சொல்லுவான். அடையாள அட்டையும் வைத்திருப்பான். நம்ப வேண்டாம். நாங்கள் வரும் வரை யாரோடும் பேச விட வேண்டாம்.'

"இவ்வளவு விவரமாக ஒரு தகவலை நான் பார்த்ததே இல்லை" என்றார் சக்கரபாணி.

"மருந்து கேசுன்னு இருந்துச்சா, உங்க சர்க்குலர் ஞாபகம் வந்துச்சுங்க. அதான் பட்டணத்துக்கும் சொல்லி அனுப்பினோம்." முருகையன் பக்கத்து பெஞ்சைக் காட்டினார். "பஸ்ஸுல அவனை அடையாளம் காட்டினதே இவருதாங்க. முகையூர் பாட்டு வாத்தியாரு. வேங்கடேசன்னு பேரு. நாங்க கேக்காமலே சாட்சியும் எழுதிக் கொடுத்துட்டாரு."

பெஞ்சில் இருந்தவர் எழுந்து கும்பிட்டார். ஐம்பது வயது, வெள்ளை ஜிப்பா, நெற்றியில் சந்தனம், காலடியில் ஆர்மோனியப் பெட்டி. "கூட உக்காந்து வந்தவன் திருடன்னு தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க மனசு கேக்கலீங்க" என்றார். குரல் இதமாக இருந்தது.

"முகையூருல பாட்டு வாத்தியாருங்களா?" என்றார் பெரியதம்பி. "நானும் முகையூருதான். எங்க ஊருல தவளை பாடித்தானே கேட்டிருக்கேன்."

"நான் வந்து ரெண்டு வருஷந்தான் ஆவுதுங்க."

"நான் ஊருப்பக்கம் போயி நாலு வருஷம். சரியாப் போச்சு."

வாத்தியாருக்கு ஒரே ஒரு கவலை. சாட்சி எழுதியதில் பஸ் போய்விட்டது. தாம்பரத்தில் மாலை ஒரு கல்யாணக் கச்சேரி. வெளியே, பந்தோபஸ்து முடிந்து பட்டணம் திரும்பும் போலீஸ் வயர்லெஸ் வேன் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. சக்கரபாணிக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. போலீசுக்கு உதவ முன்வருகிறவர்கள் அபூர்வம்.

"இவரைத் தாம்பரத்தில் இறக்கிவிடுங்கள்" என்று வேன்காரர்களிடம் சொன்னார். ஆர்மோனியப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாமே பிடித்து ஏற்றியும் விட்டார். வாத்தியார் மறுபடியும் கும்பிட்டார். வேன் போயிற்று.

பிறகு உள்ளறையைத் திறந்தார்கள்.

கோணிச் சாக்குகளின் மேல் பச்சைக்கோட்டுச் சட்டைக்காரன் உட்கார்ந்திருந்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"நான் மருந்து இலாகா இன்ஸ்பெக்டர். பேர் அமீருதீன். சொந்த ஊர் கோட்டக்குப்பம். இதை நான் சொல்றது இருபதாவது தடவை. நீங்களாவது அட்டையைப் பாருங்க சார்."

"அட்டையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்."

"உங்க பேர் என்ன?"

"சக்கரபாணி. சி.ஐ.டி."

அந்த இளைஞன் கண்ணாடியைக் கழற்றி, மூக்கைப் பிடித்துவிட்டுக்கொண்டு, மறுபடி மாட்டிக்கொண்டான். "ஜனவரி பதினெட்டாந் தேதி எங்க இலாகாவுக்கு லெட்டர் போட்டீங்க. மூணாவது பாராவுல 'ரப்பர் ஸ்டாப்பர்'னு இருக்க வேண்டிய இடத்துல 'ரப்பர் ஸ்லிப்பர்'னு டைப் ஆகியிருந்துச்சு. ஊசி மருந்துக்கும் செருப்புக்கும் என்ன சம்பந்தம்னு ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்."

சக்கரபாணிக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் கடிதத்தை அவரைத் தவிர, டைப் அடித்தவரையும் வாங்கியவரையும் தவிர, யாரும் பார்த்திருக்க முடியாது.

"அதற்கு எனக்குப் பதில் வரவில்லையே."

"எட்டுப் பக்கம் எழுதினேன் சார். ரகசியம்னு முத்திரை குத்தி மேலிடத்துக்கு அனுப்பினேன். ரகசியம்னு இருந்ததால யாரும் பிரிக்கல. இன்னும் மேஜையிலதான் கிடக்குது."

மூன்று மாதம். ஒரே ஆளை இரண்டு இலாகா தனித்தனியே தேடியிருக்கிறது. சக்கரபாணி ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்தார்.

அமீருதீன் சொன்னது இதுதான். வளவனூரில் பாஞ்சாலி என்று கரும்பு வெட்டுகிற வீட்டுப் பெண், பத்தொன்பது வயது. நாற்பது ஊசி போட்டும் இருமல் நிற்கவில்லை. மூன்று மாதம் முன்பு செத்துப்போனாள். காலியான சீசாக்களை அவளுடைய அப்பா ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவன் மேஜைமேல் வைத்தார். அன்றிலிருந்து அலைந்து, ஒரு கடைக் கம்பவுண்டரைப் பிடித்து, சரக்கு வியாழக்கிழமை ஏழரை மணி பஸ்ஸில் போகிறது என்று தெரிந்துகொண்டான். கொண்டுபோகிறவன் யாரென்று கம்பவுண்டருக்கும் தெரியாது. கடைசிவரை பஸ்ஸில் உட்கார்ந்து, பட்டணத்தில் எந்தப் பெட்டி எங்கே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

"பஸ்ஸில் எத்தனை பேர்?"

"நாப்பத்திரெண்டு. அதுல ஒருத்தன். அவன் என்னைப் பார்த்துட்டான், நான்தான் அவனைப் பார்க்கல."

பஸ் இந்நேரம் பட்டணம் போய்ச் சேர்ந்திருக்கும். நாற்பத்திரண்டு பேரும் நாற்பத்திரண்டு பக்கம் போயிருப்பார்கள்.

சக்கரபாணி முருகையனைக் கூப்பிட்டார். "இவரை வெளியே விடுங்கள்."

"அது எப்படிங்க? பாண்டிச்சேரிக்காரங்க கேட்டு வெச்சிருக்கற ஆளு. அவங்க சொல்லணும். இல்ல, எங்க டி.எஸ்.பி. ஐயா சொல்லணும். அவரு கடலூரு போயிருக்காரு. இல்லன்னா நீங்க பொறுப்பு ஏத்துக்கினு கையெழுத்துப் போடுங்க."

சக்கரபாணியின் கை சட்டைப்பைப் பேனா வரை போயிற்று. ஒருவேளை இது அத்தனையும் கெட்டிக்காரத்தனமான பொய்யாக இருந்தால்? பாண்டிச்சேரிக்காரர்கள் கேட்ட கைதியை விட்ட பழி யார் தலையில் விழும்? கை பேனாவை எடுக்காமலே திரும்பியது.

அமீருதீன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். 

"பாண்டிச்சேரியைக் கேட்டுச் சரிபார்த்தீர்களா?" என்று முருகையனிடம் எரிந்து விழுந்தார் சக்கரபாணி.

"விழுப்புரம் கேட்டிருக்குமேங்க."

*

விழுப்புரம் வயர்லெஸ் கூடாரத்தில் அவர்கள் நுழைந்தபோது மணி ஒன்றேகால். ஆபரேட்டர் சோற்றுத் தூக்கைத் திறந்திருந்தார்.

"பாண்டிச்சேரியைக் கேட்டுச் சரிபார்த்தீர்களா?"

"திண்டிவனம் கேட்டிருக்குமேங்க" என்றார் ஆபரேட்டர்.

பெரியதம்பி இரண்டு கைகளையும் விரித்தார். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எவ்ளோ நம்பறாங்க பாருங்க ஐயா. புருஷன் பெண்டாட்டிகூட இப்படி இருக்க மாட்டாங்க."

"யார் பேசினது?"

"பாண்டிச்சேரி போலீசுன்னாங்க. காலைல ஏழு பத்துக்கு போன் வந்துச்சு. நான் எழுதிக்கினேன்."

"பேர்? பதவி?"

"கேக்கலீங்க. ரொம்ப நல்ல மாதிரிப் பேசினாரு. நான் எழுதற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. அப்புறம் முழுசும் திருப்பிப் படிக்கச் சொல்லி, ரெண்டு இடத்துல திருத்தினாரு. அந்தப் பொறுமை நம்ப ஆளுங்களுக்கே வராதுங்க."

சக்கரபாணி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அவர் சொன்ன மாதிரியே நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். நிறுத்தி நிறுத்தி. நான் எழுதுகிறேன். பிறகு திருப்பிப் படிக்கிறேன்."

ஆபரேட்டர் ஒன்றும் புரியாமல் சொன்னார். சக்கரபாணி எழுதினார், படித்தார், இரண்டு இடத்தில் திருத்தினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை நிமிடம்.

"நடுவில் வேறு யாராவது லைனில் பேசினார்களா?"

"யாரும் வரலீங்க. லைனும் கொரகொரப்பு இல்லாம சுத்தமா இருந்துச்சு. பக்கத்து வீட்டுலேந்து பேசற மாதிரி."

"பக்கத்து வீட்டிலிருந்துதான் பேசியிருக்கிறான்" என்றார் சக்கரபாணி.

பெரியதம்பி மல்லாட்டைத் தோலைக் கீழே போட்டார். "எப்படீங்க?"

"பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் பேசினால் டிரங்க் கால். மூன்று நிமிடம் ஆனதும் எக்ஸ்சேஞ்ச் பெண் உள்ளே வந்து, மூன்று நிமிடம் ஆச்சு, இன்னும் பேசுகிறீர்களா என்று கேட்பாள். ஆறரை நிமிடத்தில் இரண்டு தடவை கேட்டிருக்க வேண்டும். ஒரு தடவைகூட கேட்கவில்லை. இது உள்ளூர் கால்."

ஆபரேட்டர் தூக்கை மூடிவிட்டார். அதற்குமேல் அவருக்குச் சோறு இறங்காது என்று தெரிந்தது.

*

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இணைப்புப் பலகைமுன் உட்கார்ந்திருந்தவள் லூர்துமேரி. முப்பது வயது இருக்கும். காதில் குழாய், கழுத்தில் சிலுவை. காலை ஆறு மணியிலிருந்து அவள்தான் பணியில் இருந்தாள்.

"பாண்டிச்சேரியிலேந்து எட்டு மணிக்கு முன்ன டிரங்க் கால் ஒன்னுகூட வரல சார். வந்திருந்தா டிக்கெட் எழுதியிருப்பேன்."

"ஏழு பத்துக்கு வயர்லெஸ் கூடாரத்தைக் கூப்பிட்ட உள்ளூர் நம்பர் எது?"

அவள் முகம் இறுகியது. "அதைச் சொல்லக் கூடாது சார். எங்க மேலதிகாரி லெட்டர் வேணும்."

"அவர் எங்கே?"

"லீவு. திங்கக்கிழமை வருவாரு."

சக்கரபாணி சுவரில் சாய்ந்துகொண்டார். காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த எரிச்சல் முழுவதும் வற்றி, களைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லை. அவளிடம் வளவனூர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். நாற்பது ஊசியையும், அப்பா கொண்டுவந்த பையையும் சொன்னார். ஏன் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

லூர்துமேரி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நம்பரை நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா நீங்க கனெக்ஷன் கேட்டா நான் கொடுத்துத்தான் ஆவணும். அது என் வேலை."

சக்கரபாணி நிமிர்ந்தார். "ஏழு பத்துக்குக் கூடாரத்தைக் கூப்பிட்டவரோடு ஒரு கனெக்ஷன் கொடுங்கள், அம்மா."

அவள் ஓர் இணைப்புக் கயிற்றை எடுத்து ஒரு துளையில் செருகினாள். மணி அடித்தது. மறுமுனையில் பாத்திரம் உருளும் சத்தம், பிறகு ஒரு ஆண் குரல். "சுப்பராயலு காபி கிளப். பஸ் ஸ்டாண்டு."

"காபி ஆர்டருன்னு நெனச்சேன்" என்று லூர்துமேரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சக்கரபாணி விசாரித்தார். காபி கிளப் முதலாளி சுப்பராயலு தயங்காமல் சொன்னார்.

"ஆமாங்க, ஒருத்தரு போன் பண்ணிக்கினாரு. பெரிய மனுஷரு. தம்பிக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் பேசணும்னாரு. நான் இட்லி எடுக்க உள்ள பூட்டேன், இன்னா பேசினாருன்னு கேக்கல."

"ஆள் எப்படி?"

"வெள்ளை ஜிப்பா, சந்தனம். கையில ஆர்மோனியப் பொட்டி ஒன்னு வெச்சிருந்தாரு. சும்மா இருக்காம நான் ஒரு பாட்டு வாசிங்கன்னேன். துருத்தி கிழிஞ்சு போச்சுன்னுட்டாரு."

சக்கரபாணி ரிசீவரை வைத்தார். அந்தப் பெட்டியின் கனம் வலது கையில் இன்னும் இருப்பதுபோல் இருந்தது. ஆர்மோனியம் அவ்வளவு கனக்காது. அது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"என்னங்க ஐயா?" என்றார் பெரியதம்பி.

"வாத்தியார்."

பெரியதம்பி கையிலிருந்த பொட்டலத்தை மடித்தார். 

"நான்தான் ஏற்றி அனுப்பினேன். போலீஸ் வேனில், போலீஸ் காவலோடு. வழியில் ஒரு பயல் அவன் பெட்டியைத் திறந்து பார்க்க மாட்டான்."

*

மணி இரண்டு. வேன் செங்கல்பட்டில் சாப்பாட்டுக்கு நின்றிருக்க வேண்டும். லூர்துமேரி செங்கல்பட்டு எக்ஸ்சேஞ்ச் பெண்ணைப் பிடித்தாள். அவள் அங்கே இருந்த போலீசைப் பிடித்தாள். வேன் போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று பதில் வந்தது.

"அக்கா தங்கச்சி மாதிரி ஒரே மூச்சுல விசாரிச்சுட்டாங்க" என்றார் பெரியதம்பி. "லெட்டரும் கேக்கல, டி.எஸ்.பி.யும் கேக்கல."

இனி ரேடியோ ஒன்றால்தான் வேனை எட்ட முடியும். லூர்துமேரி அவசர லைன் போட்டுப் பட்டணத்து வயர்லெஸ் கண்ட்ரோலைக் கொடுத்தாள். அங்கே பணியில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"சார், வேனுக்குள்ள ஸ்பீக்கர். நான் கைது பண்ணுன்னு சொன்னா அது டிரைவர் காதுல விழுற நேரமே அவன் காதுலயும் விழும். மோர்ஸ் கட்டையில தட்டினா ஆபரேட்டர் பேப்பர்ல எழுதுவான். பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் படிப்பான். வண்டி மெதுவாப் போற இடத்துல குதிச்சு ஓடினா நாம என்ன பண்றது?"

"வேனை வேறு வழியாகத் திருப்ப முடியுமா?"

"அதுக்கு உதவி கமிஷனர் உத்தரவு வேணும். சாப்பிடப் போயிருக்கார்."

சக்கரபாணி கண்களை மூடிக்கொண்டார். எதிரே லூர்துமேரி பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது. அவள் குறுக்கே வரவில்லை.

"நீங்கள் யாரையும் கேட்காமல் வேனுக்கு என்னதான் சொல்லலாம்?" என்று சக்கரபாணி கேட்டார்.

"நானா? ரோட்டு நிலவரம் சொல்லலாம். எங்க மரம் விழுந்திருக்கு, எங்க கூட்டம் சேர்ந்திருக்கு, அது மாதிரி."

"தாம்பரத்தில் கூட்டம் சேர்ந்திருக்கிறது" என்றார் சக்கரபாணி மெதுவாக. "போலீஸ் வண்டியைக் கண்டால் கல் எறிகிறார்கள். எங்கும் நிறுத்த வேண்டாம், கதவைத் திறக்க வேண்டாம், நேராக நம்முடைய வளாகத்துக்குள் வந்து சேரவும். அவனும் கேட்கட்டும்."

 மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

அடுத்த ஒன்றேகால் மணி நேரம் அவர்கள் எக்ஸ்சேஞ்சின் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியதம்பி பொட்டலத்தை நீட்டினார். சக்கரபாணி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் அவர் எழுந்து நின்றார். எல்லாம் வேறு யாருக்கோ வந்த கால்கள்.

மூன்று முப்பத்தைந்துக்கு லூர்துமேரி திரும்பிப் பார்த்து, காதுக்குழாயை அவரிடம் நீட்டினாள்.

கண்ட்ரோல்காரரின் குரலில் சிரிப்பு இருந்தது. வேன் உள்ளே வந்துவிட்டது. வாயிலை மூடிவிட்டார்கள். தாம்பரத்தில் இறங்க வேண்டும் என்று வாத்தியார் மன்றாடியிருக்கிறார். பல்லாவரத்தில் வயிற்று வலி என்றிருக்கிறார். வேன் போலீசார் இருவரும் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்க வாத்தியாரே, எங்க உயிர் இருக்கற வரைக்கும் உங்க மேல ஒரு கல்லு விழாது என்று தேற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். ஆர்மோனியத்தில் கட்டை மட்டும்தான் இருந்தது. கீழே முழுவதும் வைக்கோல், வைக்கோலுக்குள் சீசா.

"எத்தனை?"

"நூற்று நாற்பது சார்."

சக்கரபாணி லூர்துமேரிக்கு நன்றி சொன்னார். "நான் எதுவும் சொல்லல சார், கனெக்ஷன்தான் கொடுத்தேன்" என்று சொல்லி அவள் அடுத்த கயிற்றைச் செருகினாள்.

*

கூடாரத்துக்குப் போய், அமீருதீனை விட்டுவிடும்படி திண்டிவனத்துக்கு வயர்லெஸ்ஸில் சொல்லச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. பிடிக்கச் சொன்னவர்கள் பாண்டிச்சேரி போலீஸ். விடச் சொல்லியும் அவர்களிடமிருந்தே தகவல் வர வேண்டும்.

"அவங்க பிடிக்கவே சொல்லலையேங்க. அப்ப யாரு விடச் சொல்றது?" என்றார் பெரியதம்பி. "வாத்தியாரைத்தான் மறுபடி காபி கிளப்புக்குக் கூட்டியாந்து போன் பண்ணச் சொல்லணும்."

"ஜீப்பை எடு" என்றார் சக்கரபாணி.

ஐந்தேகால் மணிக்கு முகாமுக்குள் நுழைந்தவர் யாரோடும் பேசவில்லை. முருகையனின் பதிவேட்டைத் தம் பக்கம் திருப்பி, 'யார் உத்தரவின் பேரில்' என்ற கட்டத்தில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். காலையில் இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. சாவியை வாங்கித் தாமே பூட்டைத் திறந்தார்.

அமீருதீன் அதே சாக்கில் இருந்தான். உதடு காய்ந்திருந்தது. பெரியதம்பி தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

"ஆள் கிடைத்துவிட்டான்" என்றார் சக்கரபாணி. "காலையிலேயே உங்களை விட்டிருக்க வேண்டும். நான் பயந்துவிட்டேன்."

அமீருதீன் தண்ணீரைக் குடித்து முடித்து, செம்பைத் திருப்பிக் கொடுத்தான். "எத்தனை சீசா?"

"நூற்று நாற்பது."

"இருநூறு இருக்கணும் சார்."



"கம்பவுண்டர் தெளிவாச் சொன்னான். இருநூறு தயாராச்சு. அப்ப அறுபது நேத்தே கடைகளுக்கு இறங்கியிருக்குது. விழுப்புரம், வளவனூர், முகையூர். இன்னிக்குச் சாயங்காலமே யாருக்காவது குத்துவாங்க."

சக்கரபாணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காலையில் பேனாவை எடுத்திருந்தால் இந்தக் கணக்கு சீசாக்களை எண்ணியபோதே தெரிந்திருக்கும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போய்விட்டது.

"எந்தெந்தக் கடை என்று தெரியுமா?"

"ஒன்பது கடை. பேர் எல்லாம் மனப்பாடம். நான் வீட்டுக்குப் போவல சார், முதல்ல இதை அனுப்புங்க."

அவன் முன்னறைக்கு வந்து, கால் மரத்துப்போய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். முருகையன் ஒன்பது பெயரையும் எழுதினார். எழுதி முடித்து, தாளின் தலைப்பில் காலியாக இருந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"எங்கிருந்து வந்த தகவல்னு போடறதுங்க? மருந்து இலாகான்னா அவங்க லெட்டர் வேணும். சி.ஐ.டி.ன்னா பட்டணத்துலேந்து..."

"என் பேரைப் போடு" என்றார் சக்கரபாணி. "பக்கத்தில் அவர் பேரையும் போடு. அமீருதீன், மருந்து இன்ஸ்பெக்டர். யாராவது சரிபார்க்க வேண்டும் என்றால் இரண்டு பேரும் இங்கேயேதான் இருப்போம்."

முருகையன் எழுதினார். தாள் செட்டின் முன்னால் இருந்தவர் கைக்குப் போயிற்று. அவர் விழுப்புரத்தைக் கூப்பிட்டு, பதில் வந்ததும், முதல் கடையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.